ஆளில்லாத வீட்டில் எரிந்த விளக்கு

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் புதிதாக மனை பிரித்திருந்த இடத்தில் குடியிருந்தோம். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களின் வீட்டுப் பூட்டு உடைபடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் கணவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முன்னறை விளக்கு சாயங்காலம் தானாக எரிந்து, பிறகு தானாக அணைந்தால், உள்ளே ஆள் இருப்பதாகத்தானே தோன்றும்?

குண்டு பல்பு என்றால் கரண்ட் பில் ஏறும் என்று, அப்போது புதிதாக வந்திருந்த சி.எஃப்.எல். பல்பைப் பெங்களூரில் வாங்கிவந்தார். இருட்டினால் தானே எரியவைக்கும் சுவிட்ச் ஒன்றும் கூட வந்தது. அதில் மாட்டியதும் பல்பு கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. அணைந்த பிறகும் மினுங்கியது. இந்த பல்புக்கு அது ஒத்துவராது என்று கழற்றிவிட்டு, வட்ட முகப்புள்ள டைமர் ஒன்றைப் பொருத்தினார். சொன்ன நேரத்துக்கு விளக்கு எரிந்தது. நாங்கள் இருவரும் தெருவில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தோம்.

பக்கத்து வீட்டில் பாகலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அந்தப் பெண் என்னை அக்கா என்பாள். கணவன் ஷிப்டுக்குப் போய்விட்டால் குழந்தையோடு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். எப்போது வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டு என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அந்தப் பொங்கலுக்குக் கிளம்பும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று கணவரிடம் கேட்டேன். அவர்கள் வீட்டுக்கு யார் யாரோ வந்துபோகிறார்கள், வெளியே தெரிந்தால் டைமர் வைத்ததற்கே அர்த்தமில்லை என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்கூட்டரை வாசலிலேயே விட்டுவிட்டு, பனிமூட்டம் கலைவதற்குள் பஸ் ஏறிவிட்டோம்.

திரும்பி வந்த அன்று அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. மெல்லப் போய் அவள் வாசலில் நின்றேன். உள்ளே அவள் மகள் காலில் பெரிய கட்டோடு படுத்திருந்தாள்.

நாங்கள் பொங்கலுக்குப் போயிருந்தபோது குழந்தையின் காலில் கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டிருக்கிறது. அவள் கணவன் வேலைக்குப் போயிருந்தான். எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது, வாசலில் ஸ்கூட்டர் நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

"தட்டிக்கிட்டே இருந்தேன்க்கா" என்றாள். "நீங்க லைட்டை ஆஃப் பண்ணிட்டீங்க."

அதன்பிறகு மெயின் ரோடு வரை ஓடி, தக்காளி ஏற்றிவந்த வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். டைமரைக் காட்டி, முகப்பைக் கையால் திருகினேன். விளக்கு எரிந்தது, இன்னும் திருகியதும் அணைந்தது. இனி அவள் முகம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன்.

"அப்போ நீங்க ஊர்லயே இல்ல" என்றாள். "போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இங்க வந்து நின்னுருக்க மாட்டேனே. நேரா ரோட்டுக்கு ஓடியிருப்பேன்."

சற்று நேரம் டைமரையே பார்த்தாள்.

"எங்களுக்குப் பயந்துதான் சொல்லலையா?"

இல்லை என்று சொன்னேன். அது பொய் என்று என் குரலிலேயே தெரிந்தது.

சாயங்காலம் என் கணவர் பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அவள் கணவன் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, காபி கொடுத்தானாம். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்றார், சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

குழந்தையின் கால் ஆறிவிட்டது. கணுக்காலில் மட்டும் தோல் வெளுத்து நின்றது. அவள் என்னோடு பழையபடி பேசினாள், அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் ஏதாவது தேவையென்றால் எங்கள் வாசலைத் தாண்டி, தெருக்கோடியிலிருந்த கன்னடக்காரர் வீட்டுக்குப் போவாள். அவள் வருவது தெரிந்தால் நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொள்வேன்.