கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைச் சேலை

நேற்று என் பேத்தி மதுரைக்குத் துணி எடுக்கப் போனாள். காலையில் போனவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். கையில் பெரிய பை. உள்ளே ஒரே ஒரு கைக்குட்டை.

"ஒண்ணுமே நல்லா இல்ல ஆச்சி. நாலு மாடியும் பாத்தாச்சு."

நாலு மாடி! சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது, மறைப்பானேன். கைக்குட்டையை வாங்கி மோந்து பார்த்தேன். புதுத் துணியின் கஞ்சி வாடை. அந்த வாடைக்காக ஶ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்குமாக நாயாய் அலைந்தவள் நான். அதைச் சொல்லாமல் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அது யுத்த காலம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கும் வரிசை. கடைக்காரர் யாரும் "என்ன வேணும்?" என்று கேட்பதில்லை. "என்ன இருக்கு?" என்று நாம்தான் கேட்கவேண்டும். ரேஷன் துணி தருகிற கன்ட்ரோல் கடைக்கு ஒரு முறை நீலக் கோடு போட்ட துணி வந்தது. அவ்வளவுதான், எங்கள் தெரு முழுக்க நீலக் கோடு. அப்பாவுக்குச் சட்டை, எனக்கு ரவிக்கை, பக்கத்து வீட்டு வாசலுக்குத் திரை. அந்தத் திரைக்கு முன்னால் அப்பா நின்றால் அவர் தலை மட்டும்தான் தனியாகத் தெரியும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா கிறிஸ்தவ சபையில் உபதேசியார். சுந்தரபாண்டியம் வரைக்கும் சைக்கிளில் போய் ஜெபம் நடத்திவிட்டு வருவார். பொய் அவருக்கு ஆகவே ஆகாது. பூனை குறுக்கே போச்சு, பல்லி சொல்லிச்சு என்று அவர் காதுபட யாராவது சொன்னால் தொலைந்தார்கள், அங்கேயே ஒரு பிரசங்கம் நடக்கும். நான் அப்போது ஶ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. எனக்குப் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிற ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். மனிதர் பர்மாப் பக்கம் எங்கேயோ இருந்தார். திடீரென்று தந்தி வந்தது. கொஞ்ச நாள் லீவு கிடைத்திருக்கிறதாம், அதற்குள் கல்யாணத்தை முடித்தாகவேண்டுமாம். ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. பந்தலுக்கும் சொல்லியாயிற்று. சேலைதான் இல்லை.

எங்கள் சபையில் மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சேலை. வேறு நிறத்தில் யாரும் ஆலயத்தில் மாலை மாற்றி நான் பார்த்ததில்லை. அம்மா கட்டிய வெள்ளைச் சேலையோ, நாங்கள் பிறக்கப் பிறக்க ஞானஸ்நானச் சட்டையாகவும் தொட்டிலாகவும் கிழிந்து போயிருந்தது. சுந்தரபாண்டியத்தில் தெரிந்த நெசவுக்காரரிடம் கேட்டால், நூல் வரவில்லை என்று காலித் தறியைக் காட்டினார்.

சரி, கடையிலே எடுப்போம் என்று ஶ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் முதல் கடைக்குப் போனோம். அலமாரியில் பாதி வெறும் பலகை. மிச்சத்தில் மேல்தட்டில், என் கண்ணுக்கு நேரே, இரண்டு வெள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மகளுக்குக் கல்யாணம் மொதலாளி. நல்லதா ஒரு வெள்ளைச் சேல எடுங்க."

எடுக்கப் போன கடைக்காரர் கை அப்படியே நின்றுவிட்டது.

"கல்யாணப் பொண்ணுக்கு வெள்ளையா? வருசா வருசம் திருக்கல்யாணம் நடக்குற ஊரு ஐயா இது. என் கையால எப்படிக் குடுப்பேன்? சிவப்பு இருக்கு, கொண்டு போங்க."

எங்கள் வழக்கம் அப்படி என்று அப்பா விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டார், தலையையும் ஆட்டினார். சேலையை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த கடையிலும் இதே கதை. அதற்கடுத்த கடைக்காரர் வெள்ளையே இல்லை என்று சாதித்துவிட்டார், வெள்ளைச் சேலையோ அவர் முட்டிக்குக் கீழே மூட்டையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லச் சொல்ல அலமாரி மூடிக்கொண்டே வந்தது. நான் என்ன செய்வேன்? அப்பாவின் பின்னால் அழுகையை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ராஜபாளையத்துல நீங்க செத்த நேரம் வாயத் தொறக்காம இருங்க. கல்யாணம்னு சொன்னாத்தான தர மாட்டேங்காவ?"

"என்னையப் பொய் சொல்லச் சொல்லுதியா?"

"பேசாம இருக்கது எப்படிப் பொய்யாவும்?"

அப்பா வேதாகமத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தோதான வசனம் அகப்படவில்லை போலிருக்கிறது, காலையில் "சரி" என்றார்.

அந்தக் காலத்துப் பஸ் கரியில் ஓடும். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்று புகைந்துகொண்டே வரும். இறங்கும்போது மூவர் முகத்திலும் கரி. துடைத்துக்கொண்டு ஒரு பெரிய கடைக்குள் போனோம். கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வயசாளி, நல்ல முகம். அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பொண்ணுக்கு ஒரு வெள்ளைச் சேல வேணும் ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதில்லை. வளையல் போடாத கை. போதாக்குறைக்கு ராத்திரி அழுது வீங்கிய கண். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு சேலையைக் கொண்டு வந்து பாயில் விரித்தார். ஐயோ, என்ன சேலை அது! மெல்லிய மல் துணி, நெருக்கமான நெசவு, பழுது என்று ஒரு இழை கிடையாது. என் கை தானாகவே அதைத் தடவியது.

"தேவுடா... இந்த வயசுலயா தாயி?" என்றார் அவர். "எப்பப் போனாரு? சண்டையிலயா?"

அம்மா என் முழங்கையை அழுத்தினாள். இன்னும் செத்த நேரம், மடித்து, தாளில் சுற்றி, கயிறு கட்டும் நேரம்தான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"என் மக தாலியறுத்தவ இல்ல!" கடையே திரும்பிப் பார்த்தது. "அவளுக்குக் கல்யாணம்! மாப்பிள்ள நல்லா இருக்கான்! வந்துக்கிட்டு இருக்கான்!"

கடைக்காரர் பதறிப்போய்ச் சேலையை என் கைக்குக் கீழிருந்து உருவிக்கொண்டார். பாதி தடவிய கை, வெறும் பாயில் கிடந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க ஐயா. வாயில வரக்கூடாத சொல்லு வந்துருச்சு. இத நான் குடுத்து, நாளப்பின்ன ஏதாச்சும்னா நான் எப்படித் தூங்குவேன்?"

அவரே ஒரு அரக்குச் சேலையை எடுத்து நீட்டினார். கட்டம் போட்டது, முரடு. கடையில் அம்புட்டுத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டோம்.

பஸ்ஸில் நான் வாய்விட்டே அழுதேன். "நீங்க பேசாம இருந்திருந்தா கெடச்சிருக்குமேப்பா. ஒரு நிமிசம்! பொய்யக்கூட நீங்க சொல்லலயே!"

மம்சாபுரம் தாண்டும்போது அப்பா சொன்னார்.

"பொய்யிக்காகப் பேசலட்டி. அவரு அப்படிக் கேக்கவும் பயந்துட்டேன்."

பல்லிக்கும் பூனைக்கும் பயப்படாதே என்று ஊர் ஊராகச் சொன்ன மனிதர்! அழுகையை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சில்லென்று இருந்தது.

அரக்குச் சேலையில்தான் ஆலயத்துக்குள் நடந்தேன். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு ஓயவில்லை. எங்கள் பாதிரி ஐயர் ஒரு முறை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆராதனையைத் தொடங்கினார். மாப்பிள்ளை காக்கியில் வந்திருந்தார், அவருக்கும் வேறு துணி கிடைக்கவில்லை. லீவு முடிந்து அவர் ரயிலேறியபின், யுத்தம் முடிகிறவரை அப்பா ஒரு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். முழு உடம்போடு வந்தார். என்னோடு சண்டை போட்டு, சமாதானமாகி, நரைத்து, தாத்தாவாகி, போன மழைக்காலத்தில்தான் கண்ணை மூடினார். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த இரண்டு ஊர்க் கடைக்காரர்களில் ஒருவரும் இன்று இருக்க வழியில்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு நாள் நானே கடைக்குப் போய் ஒரு வெள்ளைச் சேலை கேட்டேன். கடைப் பெண் யாருக்கு என்றுகூடக் கேட்காமல் பத்துப் பதினைந்தை எடுத்து என் முன்னால் போட்டாள். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேண்டாம் என்று யாராவது பிடுங்கிக்கொள்வார்களா என்று பார்த்தேன். யாரும் பிடுங்கவில்லை.