காவின் நாளும் வலது கையும்

என் குரல்வளையை எடுத்த பிறகு, எனக்குக் காதும் போய்விட்டதென்று ஊர் முடிவு செய்தது. கல்முனைச் சந்தையில் மீன் விற்பவர் என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து "பாரை! நல்ல பாரை!" என்று கத்துவார். மருந்துக் கடைக்காரர் கத்துவதில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி, விரலை மடக்கி, மாத்திரையைக் காலையிலும் இரவிலும் போடச் சொல்லி நடித்துக் காட்டுவார். அட்டையிலேயே அது எழுதியிருக்கும். நானும் தலையாட்டிவிட்டு வருவேன்.

நோய்க்கு முன்பும் நான் அதிகம் பேசியவன் அல்லன். நீர்ப்பாசனக் காரியாலயத்தில் எழுதுவினைஞர் வேலை. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் நாளைக் கேட்டால் நாளை மட்டும் சொல்வேன். "கதைச்சா வாயிலிருந்து முத்து உதிர்ந்திரும் எண்டு பயமா?" என்பது மனைவியின் பழைய கேள்வி. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும், என் குரல் எவ்வளவு இனிமையானது என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினாள். இருந்த காலத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது நான் பேசுவது ஒரு கருவியால். சிறிய டோர்ச் போல இருக்கும். கழுத்தில் வைத்து, சுவிட்ச் ஆழியை அழுத்தினால் இரையும். அந்த இரைச்சலை நாக்காலும் உதட்டாலும் சொல்லாக்க வேண்டும். "மெஷின் சத்தம் மட்டும்தான் போடும் ஐயா, கதைக்கிறது நீங்கதான்" என்று பயிற்சி தந்த பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். கருவி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை வைத்ததில் என் கழுத்தின் இடப்பக்கம் பலகை போல இறுகிவிட்டது. வலப்பக்கம், தாடைக்குக் கீழே, ஒரு நாணயக் குற்றி அளவு இடம்தான் மெத்தென்று இருந்தது. எனவே கருவி வலது கையில் இருக்கும். உண்பதற்கும் வலது கை. சாப்பாட்டு நேரத்தில் நான் பழையபடி ஊமை.

அந்த நேரங்களில் எனக்காகப் பேசும் பொறுப்பை மச்சான் எடுத்துக்கொண்டார். என் மனைவியின் மூத்த சகோதரர். பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். சாப்பாடு முடிந்த பிறகும் அவர் பொறுப்பைத் திருப்பித் தரவில்லை. நான் கருவியை எடுத்துக் கழுத்தில் வைப்பதற்குள் பதில் போய்விடும். மகளைக் கேட்டு அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர்கள் எங்கள் சம்மதத்தைக் கேட்டபோது, "யோசித்துச் சொல்கிறோம்" என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் எழுத்து இரைந்ததுமே மச்சான், "ஓம் எண்டுட்டார்" என்றார். வந்தவர்கள் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பையன் நல்லவன், மகளுக்கும் பிடித்திருந்தது. அதனால் அந்த மொழிபெயர்ப்பை நான் திருத்தவில்லை.

ஆனால் காவின் என்கிற நிக்காஹ் ஒப்பந்தம் அப்படியல்ல. பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, மகளைத் தந்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே மகள். அந்த ஒரு வசனத்தை நானே சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

"ஒங்களுக்கு எதுக்கு மச்சான் கரைச்சல்? என்ன வக்கீலாப் போடுங்க, ஒங்கட சார்பா நான் சொல்லித் தாறன்" என்றார் மச்சான். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. மௌலவியிடம் போய்க் கேட்டேன். "நீங்க இப்ப கேட்டது எனக்கு விளங்கினதுதானே. அப்ப நீங்களே சொல்லலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து குசினியில் அந்த வசனத்தைச் சொல்லிப் பழகினோம். மாப்பிள்ளைக்குப் பதில் மனைவி கையை நீட்டினாள்.

"என்ட கையப் புடிச்சு என்ட மகள எனக்கே கட்டித் தாறீங்களா?"

சிரித்துவிட்டுத்தான் கவனித்தேன்: என் வலது கை அவளிடம் இருந்தது. கருவி மேசையில் இருந்தது.

இடது கையால் எடுத்து எட்டி வைத்தேன். முன்கை, நான் மூச்சு விடும் கழுத்துத் துளையை மூடியது. இருமல் வந்து வசனம் பாதியில் நின்றது. பட்டியால் கட்டிப் பார்த்தோம். ஆழியை யார் அழுத்துவது? கருவியை மனைவி பிடித்தால் சரியாகத்தான் வந்தது. ஆனால் பள்ளிவாசலில் ஆண்கள் வரிசையில் அவள் வந்து இருக்க முடியாது. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மச்சானே சொல்லட்டும் என்று சொல்ல வாய் எடுத்தபோது, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகள் திரும்பாமலே சொன்னாள்:

"மாமாட வாயக் கேக்காதீங்க வாப்பா. கையக் கேளுங்க."

மச்சான் உடனே சம்மதித்தார். எதற்குச் சம்மதித்தார் என்பது முதல் ஒத்திகையில்தான் அவருக்குப் புரிந்தது. கருவியைச் சரியான இடத்தில் பிடிக்க வேண்டும், நான் கண்ணைக் காட்டும்போது அழுத்த வேண்டும், நிறுத்தும்போது விட வேண்டும், இடையில் வாய் திறக்கக் கூடாது. கடைசி நிபந்தனையில்தான் பல முறை தவறினார்.

காவின் அன்று பள்ளிவாசல் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் கை என் கையில் ஈரமாக இருந்தது. ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே வைத்தார்கள். மச்சான் பதற்றத்தில் நேரத்துக்கு முன்பே ஆழியை அழுத்திவிட்டார். இரைச்சல் ஒலிபெருக்கியில் போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சட்டைப் பையைத் தடவித் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். விவாகப் பதிவாளரும் பார்த்தார்.

அவர்கள் போனை உள்ளே வைக்கும் வரை காத்திருந்தேன். பிறகு கண்ணைக் காட்டினேன்.

"என் மகளை, பேசிக்கொண்ட மஹருக்கு, உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

மேடு பள்ளம் இல்லாத, தட்டையான குரல். தண்ணீர் திறக்கும் நாளை அறிவிப்பது போல இருந்திருக்கும். பழைய குரலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது என்பதை மனைவியைத் தவிர எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன். மச்சானின் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்தன. சத்தம் வரவில்லை.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் உதடும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ள" என்றார் மௌலவி.

திரும்பவும் அசைந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாக, "மாமாட மெஷினக் கொஞ்சம் இரவல் குடுங்க" என்றார். பள்ளிவாசல் என்பதை மறந்து சிலர் சிரித்தார்கள். மூன்றாம் தடவை, "ஏற்றுக்கொண்டேன்" என்பது எல்லோருக்கும் கேட்டது.

பிறகு சாப்பாடு. மச்சானும் நானும் இன்னும் சிலரும் ஒரே சகன் தட்டைச் சுற்றி இருந்தோம். பரிமாறியவர் குனிந்து, இறைச்சி இன்னும் வேண்டுமா என்று என் காதருகே கத்தினார். நான் போதும் என்று சொல்ல நினைத்தேன்.

"ஓமாம், வைக்கட்டாம்" என்றார் மச்சான்.

கருவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.