ஆயுத பூஜைக்கு நிறுத்திய சர்வர்

எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டரைத் தொட்ட எவருக்கும் ஒரு விதி தெரியும். முக்கியமானதை சி டிரைவில் வைக்காதே, டி டிரைவில் வை. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் ரிப்பேர் கடைக்காரர் சி டிரைவைத்தான் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவார். டி டிரைவில் கைவைக்க மாட்டார். கல்யாண போட்டோ, பட்டா நகல், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் எல்லாம் அங்கேதான் பத்திரமாக இருக்கும். புதுவாயல் கூட்டுரோட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் போன காலத்தில் எனக்கும் இதைத்தான் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்.

இப்போது நான் பார்ப்பது பேக்கப் வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் பல கம்பெனிகளின் சர்வர்கள் கம்பெனிக்குள் இல்லை. எங்கோ தொலைவில் ஒரு பெரிய கட்டடத்தில், வாடகைக்கு எடுத்த மெஷின்களாக ஓடுகின்றன. கிளவுட் என்கிறார்கள். அவற்றுக்குத் தினமும் நகல் எடுக்கப்படுகிறதா என்று பார்ப்பதும், ஏதாவது கெட்டால் நகலிலிருந்து மீட்டுக் கொடுப்பதும் என் பொறுப்பு. கெடாதவரை நான் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது. கெட்ட அன்று மட்டும் ஆளாளுக்கு போன் அடிப்பார்கள். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்த வேலையில் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

போன ஆயுத பூஜைக்குச் சில நாட்கள் முன்பு, நாங்கள் பேக்கப் பார்க்கும் ஒரு இரும்பு ஆலையில் விபத்து நடந்தது. கிரேனில் தூக்கிய கம்பிக்கட்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கி, கீழே இருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் காலை நசுக்கிவிட்டது. காலை எடுத்துவிட்டார்கள். கிரேன் ஓட்டியவர் நாற்பது வயதுக்காரர், அந்த ஆலையில் நிரந்தரத் தொழிலாளி. காலை இழந்தவரும் அவரும் ஒரே தெரு. ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்து போனவர்கள்.

கவனமில்லாமல் ஓட்டினார் என்று அவரை சஸ்பெண்ட் செய்து விசாரணை வைத்தார்கள். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பிரேக் வழுக்குகிறது என்று பல வாரமாக நான் சொல்லிக்கொண்டே இருந்தேன் என்றார். அந்த ஆலையில் ஒவ்வொரு ஷிப்ட் ஆரம்பத்திலும் கிரேன் ஓட்டுபவர் ஒரு டேப்லெட்டில் கொக்கி, ரோப், பிரேக் என்று வரிசையாகத் தொட்டு, சரி அல்லது சரியில்லை என்று பதிவு செய்ய வேண்டும். அது நேராக சர்வரில் இருக்கும் டேட்டாபேஸுக்குப் போய்விடும். பிரேக்குக்கு எதிரே சரியில்லை என்றுதான் தினமும் தொட்டேன், மெயின்டனன்ஸ் ஆட்கள் யாரும் ஏறிப் பார்க்கவில்லை என்பது அவர் கட்சி. எங்களுக்கு எதுவும் வரவில்லை என்பது மெயின்டனன்ஸ்காரர்கள் கட்சி. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதால் படம் எடுத்து வைக்கவும் வழியில்லை. பூஜை லீவு முடியட்டும், சிஸ்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று மேனேஜரே ஒத்துக்கொண்டார். அதுவரை எல்லாம் நியாயமாகத்தான் நடந்தது.

பூஜை வந்தது. ஆயுத பூஜையன்று ஆலையில் ஒரு மெஷினும் ஓடக் கூடாது என்பது மேனேஜரின் கண்டிப்பு. லேத், கிரேன், லாரி, எடை மேடை, ஆபீஸ் பிரிண்டர் எல்லாவற்றையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார்கள். சர்வர் ஒரு பெட்டியாக ஆபீஸ் அறையில் இருந்தவரைக்கும் அதையும் நிறுத்திப் பொட்டு வைத்தார்கள். அது கிளவுடுக்குப் போனபின் வந்த முதல் ஆயுத பூஜை இது. கம்ப்யூட்டர் பொறுப்பில் இருந்தவர் பொன்னேரிக்காரர், பக்திமான், வேலையிலும் சுத்தம். தொலைவில் இருக்கும் மெஷினுக்குப் பொட்டு வைக்க முடியாது. ஓய்வாவது கொடுக்கலாமே என்று தன் மானிட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, கிளவுட் திரையில் நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினார்.

லீவு முடிந்து காலையில் நான் நாஷ்டா சாப்பிட உட்காரும்போது போன் அடித்தது. பொன்னேரிக்காரர்தான்.

"மேடம், சர்வர் ஏந்திருச்சிடுச்சி. ஆனா டேட்டாபேஸக் காணோம்."

காணோம் என்றால் என்ன அர்த்தம், மாடா மேய்கிறது என்று கத்திவிட்டு ஆலைக்குப் போனேன். அவர் திறந்து காட்டியதும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. டேட்டாபேஸ் இருந்த இடம் டி டிரைவ்.

கிளவுட் மெஷினில் டி டிரைவ் என்பது நம் ஊர் டி டிரைவ் இல்லை. அது, மெஷின் ஓடும்போது கிறுக்கிப் பார்க்கக் கொடுத்த தற்காலிக டிஸ்க். ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால், அது லாட்ஜ் அறையைக் காலி செய்வது மாதிரி. நம் பெட்டியை எடுத்து வைத்திருந்து, மறுபடி போனால் வேறு அறையில் வைத்துக் கொடுப்பார்கள். பழைய அறையின் அலமாரியில் விட்டுவந்த சட்டையைக் கொடுக்க மாட்டார்கள். அந்த டி டிரைவில் இப்போது ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது. இந்த டிஸ்க் தற்காலிகமானது, இதில் வைப்பது அழியும், மீட்க முடியாது என்று ஆங்கிலத்தில் மெஷினே எழுதி வைத்த அறிவிப்பு. அதைப் படித்துக் காட்டினேன்.

"அதயும் டி-லயேவா வெப்பான்?" என்றார். பிறகு மெதுவாக, "முக்கியமானதுன்னுதான் மேடம் டி-ல வெச்சேன்" என்றார்.

அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. அதே கிளாஸில் அதே பாடம் படித்தவள்தானே நானும்.

ஆனாலும் நான் நம்பிக்கையை விடவில்லை. பேக்கப் தினமும் ஓடியிருந்தது. திரையில் வரிசையாகப் பச்சை டிக். பூஜைக்கு முந்தின நாள் நகலிலிருந்து புது மெஷின் ஒன்றைக் கிளப்பினேன். வந்தது. டி டிரைவ் காலி. அதற்கு முந்தின நாள், அதற்கும் முந்தின வாரம் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு மெஷினும் நன்றாகக் குளித்து முடித்த பிள்ளை மாதிரி எழுந்து நின்றது. எதிலும் டேட்டாபேஸ் இல்லை. தற்காலிக டிஸ்கை நகல் எடுக்கவே கூடாது என்பதுதான் அந்த பேக்கப்பின் கணக்கு. இல்லாத ஒன்றைத்தான் தினமும் பச்சை டிக் போட்டுப் பாராட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஒப்பந்தம் மெஷினுக்கு மட்டும். டேட்டாபேஸைப் பொன்னேரிக்காரரே தனியாக நகல் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டும்தான் இருந்தார். அந்த நகல் எங்கே போகிறது என்று கேட்டேன். டி டிரைவில் பேக்கப் என்றே ஒரு ஃபோல்டர் போட்டு அதில் விழுமாறு செய்திருந்தார்.

மதியம் டீ குடிக்க வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே கிரேன் ஓட்டுபவர் நின்றிருந்தார். சஸ்பெண்டில் இருப்பவரை உள்ளே விட மாட்டார்கள். சர்வரைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிடைத்ததா என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா என்றேன். எனக்குப் பதில் தெரியும். அவரே டீக்குச் சொன்னார். காலை இழந்தவர் வீட்டில் யாரும் இப்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லையாம். அரிசி வாங்கிக்கொண்டு போனாராம், கதவைச் சாத்திவிட்டார்களாம்.

"வேலை போனா போவுதும்மா. எங்கனா காண்ட்ராக்ட்ல போய்க்கினு இருப்பேன். நான் பிரேக்கு போச்சின்னு சொல்லிக்கினேதான் இருந்தேன்னு அவங்க ஊட்டுக்குத் தெரியணும். அது ஒண்ணு போதும்."

அதைக் கேட்டபின் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். கிளவுட் கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். அந்த டிஸ்க் வேறு யாருக்கோ போய்விட்டது, மீட்கும் வழி கிடையாது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. டேப்லெட்டிலாவது ஏதாவது தங்கியிருக்குமா என்று பார்த்தேன். பதிவு சர்வருக்குப் போனதும் டேப்லெட் தன்னிடம் இருப்பதை அழித்துக்கொள்ளும். எல்லாரும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். ஒருவராவது சோம்பேறியாக இருந்து, மெஷினை நிறுத்த மறந்திருந்தால் கிரேன் ஓட்டியவர் சொன்னது பிழைத்திருக்கும்.

அப்போதுதான் பொன்னேரிக்காரர் பீரோவைத் திறந்து ஒரு ஹார்டு டிஸ்கை எடுத்தார். பழைய சர்வர் பெட்டியிலிருந்து கிளவுடுக்கு மாற்றும்போது எடுத்த கடைசி நகல். அது பத்திரமாக இருந்தது. அதிலிருந்து டேட்டாபேஸை மீட்டேன். முதல் முயற்சியிலேயே எழுந்துகொண்டது. சர்வர் கிளவுடுக்குப் போன நாள்வரை எல்லாம் இருந்தது. அதற்குப் பின் எதுவும் இல்லை. பிரேக் வழுக்க ஆரம்பித்தது அதற்கு வெகு காலம் கழித்து. இருந்தாலும் ஆபீஸில் எல்லாரும் கை தட்டினார்கள். மேனேஜர் எனக்கு ஜூஸ் வரவழைத்தார். எனக்கு அழுகை வந்தது. ஜூஸைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் விசாரணைக்கு என்னையும் சாட்சியாக அழைத்தார்கள். டேட்டாபேஸ் போனதற்கு விளக்கம் கேட்பார்கள் என்று நினைத்து, லாட்ஜ் அறை உதாரணத்தையெல்லாம் மனதுக்குள் தயார் செய்துகொண்டு போனேன். மேசைமேல் ஒரு கட்டு பேப்பர் இருந்தது. நான் மீட்டுக் கொடுத்த டேட்டாபேஸிலிருந்து கிரேன் ஓட்டுபவரின் பதிவுகளை எல்லாம் பிரிண்ட் எடுத்திருந்தார்கள். ஷிப்டுக்கு ஷிப்ட், வரிக்கு வரி, பிரேக் சரி, பிரேக் சரி. இவை நீங்கள் மீட்டதுதானா என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்றேன். இதில் பிரேக் சரியில்லை என்று ஒரு பதிவாவது இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். ஆனால் இது பழைய காலத்துப் பதிவு, விபத்துக்கு முந்தின மாதங்கள் அழிந்துபோய்விட்டன, அதில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று ஆரம்பித்தேன்.

"அத நான் கேக்கல மேடம்" என்றார். குரலில் கோபமே இல்லை. நான் சொன்ன முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்க நீட்டினார்கள். இரண்டாம் பாதியையும் எழுதினால்தான் போடுவேன் என்று சண்டை பிடித்தேன். சரி என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். அதனால் எதுவும் மாறவில்லை. எந்தக் காலத்திலும் புகார் சொல்லாதவர் என்றே முடிவெழுதி, அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

அதன்பின் ஒரு மாதம் கழித்து அவரை புதுவாயலில் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. அவரே கிட்டே வந்தார். தச்சூர் பக்கம் ஒரு குடோனில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார். மேல்முறையீடு செய்யலாம், நான் வந்து சொல்கிறேன் என்றேன். அதை விடும்மா என்பது போலக் கையை அசைத்தார். அந்தப் பேப்பர் கட்டைக் கம்பெனி ஆட்கள் காலை இழந்தவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டார்களாம்.

"தேதியப் பாருங்கன்னு சொன்னேன். காலு போன ஊட்ல தேதியா பாப்பாங்க? இதெல்லாம் நீ போட்டதா இல்லியான்னு கேட்டான் அவன், படுத்துக்கினே."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மொத்தமும் நான் போட்டதுதானேம்மா. இல்லன்னு எப்படிச் சொல்றது?"