அம்புமுனைக் கடையில் அடையாள அட்டை

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வேட்டைச் சாமான் கடை. மச்சானுக்கு மான் வேட்டைப் பைத்தியம். கப்பி பூட்டாத பழைய பாணி வில்லுக்கு, பிளேட் மாற்றக்கூடிய அம்புமுனை தேடுகிறான். போன கிழமை கொழும்பிலிருந்து வந்த நான் இரண்டு பெட்டிகளை ஏந்தி நிற்கிறேன். ஒன்று மூன்று பிளேட் முனை, மற்றது இரண்டு பிளேட் முனை. சவர பிளேட்டுக்கே கண்ணை மூடுகிற ஆள் நான்.

கதவு திறக்கிறது. இடுப்பில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரர்.

பெட்டி நிறைய பிளேட்டுடன் பிடிபட்ட தமிழனை யார் விடுவார்கள்? பெட்டிகளைக் கண்ணாடி மேசையில் போடுகிறேன். வலக்கை தானாக மேலே போகிறது. இடக்கை சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறது. கொழும்புச் சோதனைச் சாவடிகளில் பழகிய கைகள். போதாததற்கு, "இது என்னுடையதில்லை சேர்" என்று சிங்களத்தில் சொல்லிவிடுகிறேன்.

"ஐயோ மச்சான், கையை இறக்கும்! உவரும் அம்பு வாங்கத்தான் வந்திருக்கிறார்," என்கிறான் மச்சான்.

பொலிஸ்காரர் அட்டையைப் பார்க்கவே இல்லை. பெட்டிகளைத்தான் பார்க்கிறார்.

"வில்லின் இழுவை எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"நாற்பத்தைந்து இறாத்தல்," என்கிறான் மச்சான்.

"அப்படியென்றால் இரண்டு பிளேட்டே நல்லது. மூன்று என்றால் அவ்வளவு ஆழம் இறங்காது."

சொல்லிவிட்டு இரண்டு பிளேட் பெட்டியை எடுத்து என்னிடமே நீட்டுகிறார். அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடக்கையால் வாங்குகிறேன். வலக்கை இன்னும் மேலேதான் நிற்கிறது.