மச்சானின் தோல் செருப்பு

போன மாதம் என் பூனை பஞ்சுவை உரப்பையில் கட்டிக்கொண்டுபோய், பெரியநீலாவணைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்தவர் என் மச்சான், அதாவது என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர்.

நான் அழுதபோது சிரித்தார். "பூனைக்கு எங்க மச்சி பாசம்? மீன் குடுக்கிறவங்கட காலச் சுத்தும், அவ்வளவுதான்."

சில நாளில் பஞ்சு மெலிந்து, காதில் காயத்தோடு மருதமுனைக்குத் திரும்பி வந்தது. நேராக வந்து என் காலில் தலையை முட்டியது. அன்றே முடிவெடுத்துவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. என் கணவரை ஜும்ஆவுக்குக் கூட்டிப்போக மச்சான் வந்தார். வெள்ளை ஜுப்பா, அத்தர், புதுத் தோல் செருப்பு. செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நான் முற்றத்தில் சூரை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தண்ணீரை எங்காவது ஊற்றத்தானே வேண்டும்.

"செருப்பெல்லாம் ஈரமாக் கிடக்கே?"

"ஓம் மச்சான், படி கழுவின."

அவர் கேற்றைத் தாண்டுமுன் பஞ்சு காலைச் சுற்றியது. பின்னால் ஒழுங்கையில் திரியும் தெருப் பூனைகள்.

"என்ன மச்சி இது, என்னையே சுத்துதுகள்?"

"பாசமா இருக்காது மச்சான்."

தொழுகை முடிந்து வந்தபோது, பள்ளிவாசல் படியில் ஒரே ஒரு சோடிச் செருப்பின் மேல் மட்டும் பூனைகள் படுத்திருந்தனவாம். ஊரே நின்று பார்த்ததாம். என் கணவர்தான் சொன்னார்.

இதை எழுதும்போது பஞ்சு என் மடியில் கிடக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய என் கையை நக்குகிறது. கையில் மீன் இல்லை.

மச்சானை யாராவது இந்தப் பதிவில் டேக் பண்ணுங்கள். என்னை அவர் புளொக் பண்ணிவிட்டார்.