குடியிருப்புக்குச் சான்று

என் மனைவி இறந்து மூன்று மாதம் கழித்து அவள் பெயருக்கு ஒரு வரி நோட்டீஸ் வந்தது. வீடு அவள் பெயரில்தான் இருந்தது. சாயர்புரத்தில் அவள் அப்பா கொடுத்த நிலத்தை விற்று வாங்கியது. இதில் இவர் பங்கு வாசல் கேட் மட்டும்தான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். அந்த வீடு இனிமேல் குடியிருப்பு இல்லை, வணிகக் கட்டடம் என்று நோட்டீஸ் சொன்னது. வரி மூன்று மடங்கு. பதினைந்து நாளுக்குள் ஆட்சேபணை தராவிட்டால் அதுவே உறுதியாகிவிடும். அப்புறம் கரண்டு, தண்ணீர் எல்லாம் கடைக்கணக்கில் போகும். எனக்கு வருகிற பி.எஃப். பென்ஷனில் அது நடக்கிற காரியம் இல்லை. வீட்டை விற்றுவிட்டு மஸ்கட்டில் மகன் வீட்டுச் சோபாவில் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கிழிந்த பத்து ரூபாய்க்காக பஸ் கண்டக்டரோடு ஸ்டாண்டு வரைக்கும் சண்டை போட்ட ஆள் நான். வரவில்லை. நோட்டீஸை மடித்து டிவி மேல் வைத்துவிட்டு இட்லி வாங்கப் போனேன். நாலு நாள் அது அங்கேயே கிடந்தது. மகன் போனில் கேட்டுக் கேட்டுத்தான் ஐந்தாம் நாள் வரி அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள்.

“சர்வே போட்டோ தெளிவா இருக்கு சார். வாசல்ல கொட்டகை போட்டிருக்கு, ஜெனரேட்டர் நிக்கி, பெரிய ஃப்ரீசர் இறக்குதாங்க. மீன் ஸ்டோரேஜ்னு எழுதியிருக்காங்க. நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கீங்க.”

பார்த்தேன். என் மனைவி இறந்த அன்று காலை எடுத்த படம். பந்தல்காரர்கள் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேனிலிருந்து நாலு பேர் நீளமான வெள்ளைப் பெட்டியை இறக்குகிறார்கள். மகன் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்பதால் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்குச் சொல்லியிருந்தோம், கரண்டு போனால் ஆகுமென்று ஜெனரேட்டரும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், பனியனோடு. செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் டேப்லெட்டை நீட்டியது அப்போது ஞாபகம் வந்தது. பெட்டியோடு வந்த ஆள் என்று நினைத்து விரலால் கையெழுத்துப் போட்டேன். துறைமுகத்தில் கிளியரிங் ஆபீசில் நாற்பது வருடம் இருந்தவன் நான். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பையன்களைத் திட்டித் தீர்ப்பதுதான் பாதி வேலை. சர்வேக்கு வந்தவனைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டு வாசலிலேயே ஃப்ரீசர் வைத்து இறாலும் நண்டும் சேர்த்துக் கம்பெனிக்குக் கொடுக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு.

“அது மீன் வைக்க இல்லம்மா. என் வீட்டுக்காரிய வைக்க” என்றேன்.

சரக்கு விவரம் சொல்லுகிற மாதிரிதான் சொன்னேன். கவுண்டர் பெண் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எனக்குப் பின்னால் சத்தமாகப் போன் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. செருப்பை எப்போது சரியாக மாற்றிப் போட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“மன்னிச்சிருங்க சார். ஆனா எழுதித்தான் தரணும். திரும்ப வந்து பாத்துப் போட்டோ எடுத்தாத்தான் மாத்த முடியும்.”

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். பொருள்: புகைப்படத்தில் காணப்படும் குளிர்பதனப் பெட்டி குறித்து. இறப்புச் சான்றிதழ், பெட்டி வாடகை ரசீது, இரண்டையும் வீட்டுக்குப் போய் எடுத்துவந்து இணைத்தேன். கை நடுங்கவில்லை. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இவ்வளவு சுத்தமாக எழுத முடிகிறதே என்று என்மேல் எனக்கே ஒரு வெறுப்பு வந்தது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வுக்கு ஒருவர் பைக்கில் வந்தார். தெருவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தவர் படம் எடுக்காமல் இறக்கினார்.

“அண்ணாச்சி, ஆள் இருக்க வீடு மாதிரியே இல்லியே.”

அவர் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். உப்புக் காற்றுக்குச் சாத்திய முன் ஜன்னல்களை நான் திறக்கவே இல்லை. பின்னறையில் படுக்கிறேன், பின்கதவு வழியாகப் போய் வருகிறேன். வாசலில் சருகு கிடந்தது.

“இப்படியே எடுத்தா மேல உள்ளவங்க குடோன்னுதான் சொல்லுவாங்க. கொடியில நாலு துணியாவது போடுங்க. குடும்பம் இருக்குன்னு தெரியணும்லா? அடுத்த தெருவுல ரெண்டு வீடு பாத்துட்டு வாரேன்.”

என் துணி மொத்தமும் சலவைக் கடையில் இருந்தது. உடுத்தியிருந்தது போக ஒரு துண்டு மிச்சம். கொஞ்ச நேரம் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு போய் அவள் பீரோவைத் திறந்தேன். அவள் போனதிலிருந்து அதைத் திறக்கவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, திறக்க வேலை வரவில்லை. கைக்கு வந்த ஏழு சேலையை அள்ளிக்கொண்டு ஓடினேன். கேட் தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் கயிறு கட்டி எல்லாவற்றையும் விரித்துப் போட்டேன். தெருவைப் பார்க்கத் துணி காயப்போடுவது அவளுக்கு ஆகவே ஆகாது. இருந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

வந்தவர் பார்த்துச் சிரித்தார். “இப்ப வீடு மாதிரி இருக்கு” என்று மூன்று படம் எடுத்தார். போனிலேயே ஏதோ தட்டி, “குடியிருப்புன்னு போட்டாச்சு. பழைய வரிதான் அண்ணாச்சி, கவலப்படாதீங்க” என்றார். நன்றி சொன்னேன். மகனுக்குப் போன் போட்டு, வீடு தப்பித்தது என்றும் சொன்னேன். அவன்தான் சந்தோஷப்பட்டான்.

சாயங்காலம் சேலைகளை எடுத்து மடித்தேன். எனக்கு மடிக்கத் தெரியாது, நுனிக்கு நுனி சேரவில்லை. மூன்றாவது சேலையை மடிக்கும்போது, என்ன தோன்றியதோ, முகத்தோடு வைத்துப் பார்த்தேன். வெயில் வாசனை அடித்தது. அவள் வாசனை இல்லை. மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

உள்ளே ஓடினேன். காலையில் திறந்த பீரோ அப்படியே திறந்து கிடந்தது. உள்ளே தலையை விட்டு மோந்து பார்க்கக்கூடத் துணியாமல் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன். சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. அந்த ஏழு சேலையும் இன்னும் வெளியே நாற்காலியில்தான் இருக்கின்றன. உள்ளே வைக்கப் பீரோவைத் திறக்க வேண்டுமே.