யோகத்துக்குக் கிடைக்காத இரண்டு வருடங்கள்

சிவயோகம் இந்த நாட்டில் சட்டத்தரணியாகாமலே இறந்ததற்கு நோர்வேச் சட்டம் மட்டும் காரணமல்ல. ஒஸ்லோத் தமிழர் நாங்களும்தான். அவரிடம் வேலை வாங்கினோம், அவருக்கு இடம் கொடுக்கவில்லை. இப்போது மரண அறிவித்தலில் பெயருக்கு முன்னால் 'சட்டத்தரணி' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். உயிரோடு இருந்தவருக்கு மறுத்ததை இறந்தவருக்குக் கொடுக்க எங்களுக்கு வெட்கமில்லை.

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது அவருடைய மகள் அழைத்தாள். "மாமா, அம்மா விடியக்காலமை எங்களை விட்டுட்டுப் போட்டா." அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "மேசையில ஒரு குடும்பத்தின்ர மேன்முறையீடு கிடக்கு. நாளைக்குக் கடைசி நாளாம். ஆரிட்டைக் குடுக்கிறது?" அடுத்த நாள் நானே உரிய அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

யோகம் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் வாதாடியவர். அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்றபோது எனக்குத்தான் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. "நாட்டுக்கு நாடு சட்டம் வேற, அண்ணை. திரும்பப் படிக்கச் சொல்லுறது நியாயம்தான்." முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே ஐந்து வருடச் சட்டப் படிப்பை ஒன்பது வருடத்தில் முடித்தார். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

படிப்பு மட்டும் போதாது. சட்டத்தரணி ஒருவரின் கீழ் இரண்டு வருடம் 'ஃபுல்மெக்டிக்' ஆக, அதாவது பயிலுநராக, வேலை செய்யவேண்டும். நீதிமன்றத்தில் வழக்குப் பேசவேண்டும். அதன்பிறகே அனுமதி. "சோதினை எண்டால் எழுதிப்போட்டு வந்திடுவன்," என்பார். "இது ஆரோ ஒருத்தர் மனம் வைச்சுக் கதவு திறக்கவேண்டிய விஷயம்."

குறொன்லாண்டில் சட்ட அலுவலகம் வைத்திருக்கும் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருவரிடம் பயிலுநர் இடம் கேட்டு அவரோடு நானும் போனேன். அந்தப் பிள்ளையின் தமிழ் வழக்குகளுக்கெல்லாம் மொழிபெயர்த்ததும் யோகம்தான், பாதி வரைவுகளை எழுதியதும் யோகம்தான்.

"அன்ரி, நீங்கள் எங்கட சொத்தெல்லே," என்றார் அவர்.

"சொத்தெண்டால் உள்ளுக்கை வையும்," என்றேன் நான்.

"இல்லை அங்கிள், ஃபுல்மெக்டிக் எண்டால் ஓடித்திரியவேணும். இளம் ஆக்களுக்குத்தான் சரிவரும்."

யோகம் சிரித்தார். "உம்மட கோப்புகளோட நான் இவ்வளவு காலமும் இருந்துகொண்டோ தம்பி திரிஞ்சனான்?"

அவர் கணினியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்புக்கு வாங்கோ, அன்ரி."

யோகம் வெள்ளிக்கிழமை போனார்! மானமில்லையா என்று சண்டை பிடித்தேன். "வழக்கு அந்தச் சனத்தின்ர, அண்ணை. அவரின்ர இல்லை," என்றார்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் குரோருட்டில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு எதிராக எனக்கொரு முறைப்பாட்டை அவர் எழுதித் தந்தார். கனமாக இருக்கட்டும் என்று அவர் பெயருக்குக் கீழே நான் பேனையால் 'சட்டத்தரணி' என்று நோர்வேஜிய மொழியில் எழுதிவிட்டேன். பட்டம் போடாமல் ஒருவரை மதிக்க எங்களுக்குத் தெரியாது. யோகம் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். "இல்லாத பட்டத்தைப் போட்டால் குற்றம். இனி வரப்போற பட்டமும் வராது. எடுத்துக் காட்டத்தான் வந்தனான், களவெடுக்க இல்லை." பிறகு அங்கேயே இருந்து முழுவதையும் திரும்ப எழுதினார்.

அவருடைய பொறுமையை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அது எனக்கு வராது. கேட்பதை எழுத்தில் கேள், யாரிடம் என்று சொல்லிக் கேள் என்பார். அதை வைத்துக்கொள்கிறேன்.

ஒஸ்லோவில் அலுவலகம் நடத்தும் தமிழ்ச் சட்டத்தரணிகளே, இங்கே திரும்பப் படித்து முடித்தவர்களில் ஆளுக்கொருவரை, வயது பார்க்காமல், பயிலுநராக எடுங்கள். தமிழ்ச் சங்க நிர்வாகிகளே, இறந்தவர்களுக்கு மாலை போடுவதற்கு முன் ஆண்டுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். வழக்கோடு போகும் சனமே, கையொப்பம் வைக்குமுன் "உங்கட வரைவை ஆர் எழுதினது?" என்று கேளுங்கள். அரசாங்கம், ஊரில் வாதாடிய வருடங்களில் ஒரு பங்கையாவது கணக்கில் எடுக்கவேண்டும்.

மட்டக்களப்பில் வழக்குப் பேசிய பெண் ஒருவர் இங்கே படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். திங்கட்கிழமை அவரை அழைத்துக்கொண்டு அதே குறொன்லாண்ட் அலுவலகத்துக்குப் போகிறேன். அவரைச் சேர்க்கவேண்டியவர் அந்தத் தம்பி. சேர்க்கும்வரை வாசலை விட்டு அசையக்கூடாதவன் நான்.